பழைய ஆம்ப்ளிபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல்லில் 38 வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்த்து வருகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் கடைக்கு வந்த ஒரு செட்தான் எழுத வைத்தது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு அக்காவும் தம்பியும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளி நிற முகப்பு வைத்த ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர், அவர்களுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது 1979-ல் வாங்கியது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. "அண்ணே, இது பாடினா அம்மா கொஞ்சம் நல்லா இருப்பாங்க, அதான் வந்தோம்" என்றார் அந்த அக்கா. எனக்கு முன்னால் மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார்கள். முதல் கடையில் பார்ட்ஸ் கிடைக்காது, 600 ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்கள். இரண்டாவது கடையில் அவுட்புட் டிரான்சிஸ்டரை (ஸ்பீக்கருக்குக் கரண்ட் தள்ளும் பெரிய டிரான்சிஸ்டர்) மாற்றிக் கொடுத்தார்கள், வீட்டில் அரை மணி நேரம் பாடிவிட்டுப் புகைந்தது, திரும்பவும் மாற்றினார்கள், திரும்பவும் எரிந்தது, இந்தத் தடவை ஒரு ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளையும் சேர்த்துக் கொண்டுபோனது. மூன்றாவது ஆள், உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு அந்தப் பெட்டிக்குள் ஒரு புளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த டிரான்ஸ்பார்மரையும், சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க் தகட்டையும் போல இன்றைக்கு அந்த விலைக்கு யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றி, கரண்ட் கொடுக்காமல் அரை மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கருகிய இடம் எது, எங்கே ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது, கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும்தான் முதல் வேலை. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகளில் பெரிய சாமான்கள் ஆடாமல் இருக்க ஒரு பசை போட்டிருப்பார்கள், வருடம் ஆக ஆக அது பழுப்பாகி, கெட்டியாகி, பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரின் காலையும் ஜம்பர் கம்பியையும் அரித்துவிடும், சில சமயம் அதன் வழியாகவே கரண்ட் கசியவும் செய்யும். இதிலும் இருந்தது, சுரண்டி எடுத்தேன். அப்புறம் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எரிந்த டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருக்கும் அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் இரண்டும் லீக், அதாவது நிறுத்த வேண்டிய கரண்டைக் கசியவிடுகிறது; அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சேர்ந்த 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் ஒன்று ஓபன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது. இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அவுட்புட் டிரான்சிஸ்டரை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள்.

எல்லாம் மாற்றியபிறகும் நேராக பிளக்கில் சொருகவில்லை. 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி போட்டு, ஸ்பீக்கர் மாட்டாமல்தான் ஆன் செய்தேன். ஆன் செய்தவுடன் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டன்சர் சார்ஜ் ஆனதும் மங்கிவிட்டால் செட்டுக்குள் பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் கரண்டைப் பல்பு தாங்கிக்கொள்வதால் புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். (எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். இப்போது அது கடைகளில் குறைந்துகொண்டே வருகிறது, கண்ணில் படும்போது இரண்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன்.)

பல்பு மங்கியது. சரி என்று எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே பயாஸ் பிரிசெட்டை (பாட்டு இல்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டரில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைக்கும் குட்டித் திருகு) ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தொட்டேன். அவ்வளவுதான், 8 மில்லிவோல்ட் காட்டிய மீட்டர் சட்டென்று எங்கோ ஏறியது, பல்பும் கூடவே பிரகாசமானது. வியாதி அதுதான். 45 வருடத்தில் அந்தக் குட்டி பிரிசெட்டின் நடுக்கால் தேய்ந்து, சூடு ஏறினால் தொடுப்பு விட்டுப்போகிறது. தொடுப்பு விட்டால் பயாஸை அடக்கி வைக்கும் டிரான்சிஸ்டர் கையை விட்டுவிடும், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பாட்டே இல்லாதபோதும் முழு மூச்சில் கரண்ட் இழுக்கும், கொதித்து ஷார்ட் ஆகும், சப்ளையின் மொத்த டிசி வோல்ட்டும் நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கும். இரண்டு தடவை எரிந்ததற்கும் ஸ்பீக்கர் போனதற்கும் காரணம் 20 ரூபாய்கூட ஆகாத ஒரு சாமான். இரண்டு சேனலுக்கும் புது பிரிசெட் வைத்து 15 மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன், 0.33 ஓமுக்கு அது சுமார் 45 மில்லிஆம்பியர். அரை மணி நேரம் சூடாகவிட்டுத் திரும்பவும் அளந்தேன். ஸ்பீக்கர் முனையில் டிசி 12 மில்லிவோல்ட்தான் இருந்தது. 50-க்குள் இருந்தால் கவலையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னே போட்டிருந்த டிரான்சிஸ்டர்கள் போலி. மேல் தகட்டை அறுத்துப் பார்த்தேன், உள்ளே இருக்கும் சில்லு கடுகு மாதிரி இருக்கிறது. மேலே அச்சிட்ட எண் 2என்3055. அந்த எண்ணில் நல்ல டிரான்சிஸ்டர் என்றால் 15 ஆம்பியர், 115 வாட்ஸ் தாங்க வேண்டும், அதற்கேற்ற அளவில் சில்லு இருக்கும். வெளியே அதே எண், பளபளப்பான அச்சு, உள்ளே ஒன்றுமில்லை. நான் பெரிய டிரான்சிஸ்டர் தேவைப்பட்டால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குகிறேன், அப்போதும் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் செட்டில் போடுகிறேன். செத்த போர்டிலிருந்து கழற்றிய பழைய அசல் சாமான், புதுப் போலியைவிட எவ்வளவோ மேல்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பழைய செட் வயதாகிச் சாவது குறைவு. அளந்து பார்க்காமல் சாமான் மாற்றுவதில்தான் அதிகம் சாகிறது. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. "ஒரு மணி நேரத்துல குடுத்துருங்க" என்று வாசலிலேயே நிற்கிறார்கள். மூன்று மணி நேரம் தேடி 20 ரூபாய் சாமானைக் கண்டுபிடித்து 900 ரூபாய் கேட்டால், "20 ரூபாய் சாமானுக்கு 900-ஆ?" என்கிறார்கள். டாக்டரிடம் போனால் பார்த்ததற்கும் பீஸ் கொடுக்கிறோம். இங்கே மாட்டிய சாமானுக்கு மட்டும்தான் காசு என்றால், மெக்கானிக்கும் தேடமாட்டார், எது மாட்டினால் பில் போடலாமோ அதை மாட்டுவார். வாசகர்கள் ஒன்று செய்யலாம்: என்ன பழுது, எதனால் வந்தது, எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் இருந்தது என்று கேளுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பார்த்ததற்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு வரும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது, மூடியைத் திறக்கவே வேண்டாம். இடது ஸ்பீக்கர் பாடவில்லையா, செட்டை ஆப் செய்துவிட்டு பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகுங்கள். அதே ஸ்பீக்கர்தான் இப்போதும் ஊமை என்றால் ஸ்பீக்கரோ அதன் வயரோ போயிருக்கிறது. ஊமை மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால் பழுது அதற்கு முன்னால், அப்போது பிளேயரிலிருந்து பாட்டு வரும் இடது வலது வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள், கூடவே ஊமையும் இடம் மாறினால் ஆம்ப்ளிபயர் நல்லாத்தான் இருக்கிறது, வயரோ பிளேயரோதான் கெட்டது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் கடைக்கு வந்த பத்துச் செட்டில் இரண்டு வந்திருக்கவே வேண்டாம்.

உம்மென்று இரைச்சல் வந்தால் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தாலும் அதே அளவில் உறுமினால் பெரும்பாலும் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர்கள் காய்ந்துவிட்டன, வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் வெளியிலிருந்து வரும் வயர் அல்லது எர்த் பிரச்சினை. வால்யூம் திருப்பும்போது கரகர என்றால் உள்ளே தூசியும் களிம்பும், அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்பினால் போதும். தயவுசெய்து தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். சத்தம் குறைவாக வைத்தால் ஒரு பக்கம் கேட்காமல், கூட்டினால் படக்கென்று வருகிறதா? ஆன் செய்து சில நொடி கழித்து டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்ற சுவிட்ச், அதன் முனைகள் கறுத்துவிட்டன. ரிலே மட்டும் மாற்றினால் சரியாகிவிடும், செட்டையே மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா பாருங்கள். 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள், நம் ஊரில் ராத்திரி நேரம் 240-க்கு மேலும் ஏறுகிறது. ஜப்பான் உள்ளூருக்கென்று செய்த செட் 100 வோல்ட் மட்டும்தான், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் கதை முடிந்தது. பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ் போடுங்கள், வயரைப் பிரித்து ஒரு இழை கம்பி கட்டாதீர்கள், அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர். அது எரிந்துவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

திறந்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கண்டன்சருக்குள் கரண்ட் நிற்கும். வால்வு செட்டில் 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மைக்ரோவேவ் அவனை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதில் இரண்டாயிரம் வோல்ட், உயிர் போய்விடும்.

வீட்டுச் சாமான்களிலும் இதே கதைதான். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றால், ஆறவிட்டு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கண்டன்சர். எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்னால் இருக்கும் லைட்தான், பேனல் இல்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. மின்னணுக் கழிவுக்கு 2022-ல் புது விதிகள் போட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, நல்லது. ஆனால் அது செத்ததை எடுத்துப்போய் உருக்குவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றும் தொடங்கியது. ஆனால் என்னைப் போன்ற மெக்கானிக்குக் கையில் வேண்டியது, எந்தச் சாமான் எதோடு சேர்கிறது என்று காட்டும் சர்க்யூட் டயக்ராம். அந்தக் காலத்து ரேடியோக்களில் பின் மூடியின் உட்பக்கத்திலேயே சர்க்யூட்டை ஒட்டி அனுப்பினார்கள், ஜப்பான் செட்டுகளின் சர்வீஸ் மேனுவலில் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது வரை அச்சிட்டிருப்பார்கள். அந்த 1979 செட்டை நான் சரி செய்ய முடிந்ததற்கு அதுவும் காரணம். இன்றைக்கு வாங்கும் சவுண்ட்பாருக்கு எனக்கு ஒரு தாள்கூடக் கிடைப்பதில்லை, "போர்டு மாத்தணும், போர்டு ஸ்டாக் இல்லை" என்பதோடு பேச்சு முடிகிறது. பிரான்ஸில் டிவி, லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றின் மேல் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள், அதில் சர்வீஸ் தகவலும் உதிரிபாக விலையும் கணக்கில் வந்தது. இங்கேயும் அப்படி ஒரு மதிப்பெண் வந்தால், வாங்குகிறவர் கடையிலேயே பார்த்துத் தெரிந்துகொள்வார்.

கடைசியாக, உங்கள் வாசகர்களில் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மஞ்சளாகிப்போன சர்க்யூட் தாள்களும் சர்வீஸ் புத்தகங்களும் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாளை உங்கள் ஊர் ஐடிஐ-யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
திண்டுக்கல்.