தம்பிக்கு: பெட்டகத்தை விடு, பேருந்துக் கட்டணத்தை எழுது

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய கதைச் சுருக்கத்தைப் படித்தேன். நேரமே காசாக இருக்கும் ஊர், லட்சக்கணக்கான வருடங்களைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம், கடைசியில் அதை உடைத்து ஏழைகளுக்குப் பங்கிடும் நாயகன். கரு எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவைப் பற்றித்தான் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிக் கதை எழுத நினைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

'இன் டைம்' படத்தை நீ பார்த்திருப்பாய். ஆண்ட்ரூ நிக்கோல் எழுதி இயக்கி 2011இல் வந்தது. அந்த உலகத்தில் 25 வயதோடு உடம்புக்கு வயதாவது நின்றுவிடும். அன்றிலிருந்து முன்கையில் பச்சை எண்கள் ஓடத் தொடங்கும், கணக்கில் ஒரே ஒரு வருடம். கூலி வருவதும் வாடகை போவதும் அந்த எண்களில்தான். பூஜ்யம் வந்தால் உயிர் போய்விடும்.

அந்தப் படத்தில் என்னால் மறக்க முடியாதது பேருந்துக் காட்சி. நாயகன் வில் சாலஸின் அம்மா ரேச்சல், கடன் தவணையைக் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேர மிச்சத்தோடு பேருந்தில் ஏறுகிறாள். கட்டணம் ஒரு மணி நேரம் என்பது அவள் கணக்கு. அது இரண்டு மணி நேரமாக ஏறிவிட்டது. ஓட்டுநர் ஏற்ற மறுக்கிறார். நடந்து போனாலும் இரண்டு மணி நேரம் ஆகும் தூரம். அதனால் ஓடுகிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்து மகனும் ஓடி வருகிறான். சில நொடிகள் தவறி, அவன் கைகளிலேயே செத்துப்போகிறாள்.

அவளைக் கொன்றது யார்? அங்கே கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ கட்டணத்தைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். நேற்று மூன்று நிமிடமாக இருந்த காபி இன்று நான்கு நிமிடம் என்று படத்தில் ஒரு சின்ன இடம் வரும். இரண்டும் ஒரே காரியம்தான். நூறு வருடங்களுக்கு மேல் கையில் இருந்தும் வாழ அலுத்துப்போன ஹென்றி ஹாமில்டன் இதை வில்லிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: ஏழைகள் தொடர்ந்து சாக வேண்டும் என்பதற்காகவே விலைவாசி ஏற்றப்படுகிறது, இல்லாவிட்டால் சிலர் மட்டும் லட்சம் லட்சமாக வருடங்கள் சேர்க்க முடியாது.

நீ இந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. நேரம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஒரு காபிக்கு எத்தனை நிமிடம் என்று தீர்மானிப்பது யார் என்பதை எழுதத்தான் ஆள் இல்லை. அந்தப் படமே பின்பாதியில் இதைக் கைவிட்டு வங்கிக் கொள்ளைக்குப் போய்விட்டது என்பது என் வருத்தம். ஒருவன் கையில் பத்து வருடத்தைக் கொட்டு. விலை வைக்கும் அதிகாரம் பழைய ஆட்களிடமே இருந்தால் அந்தப் பத்து வருடமும் கட்டணமாகவும் வட்டியாகவும் திரும்பப் போய்ச் சேர்ந்துவிடும்.

இது வெறும் கற்பனை என்று நினைத்துவிடாதே. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஆலைகளின் கதையைப் படி. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலை வாழ்க்கையைப் பற்றி 1850இல் வெளியான ஒரு நூல், ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி வைப்பார்கள், இரவில் பின்னே தள்ளி வைப்பார்கள் என்கிறது. தொழிலாளிகள் சொந்தக் கடிகாரம் வைத்திருக்கவே பயந்தார்களாம். தினம் ஐந்து நிமிடம் கூடுதலாக வேலை வாங்கினால் வருடத்துக்கு இரண்டரை நாள் உற்பத்தி சும்மா கிடைக்கும் என்று ஆலை ஆய்வாளர்களே கணக்குப் போட்டார்கள். 1860ஆம் வருட அறிக்கை ஒன்றில் வரும் 'கணங்களே லாபத்தின் மூலப்பொருள்கள்' என்ற வரியை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுகிறார். பேருந்துக் கட்டணத்தை ஒரே ராத்திரியில் இரட்டிப்பாக்கிய ஆளுக்கு இவர்கள்தான் முன்னோர்கள்.

ஃபிரிட்ஸ் லாங் 1927இல் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' படத்திலும் கடிகாரம்தான் மையம். ஒரு ஷிஃப்ட் பத்து மணி நேரம், அதற்கென்று பத்து மணி நேரக் கடிகாரமே தனியாக உண்டு. மேலே தோட்டத்தில் விளையாடித் திரிந்த முதலாளி மகன் கீழே வந்து ஒரு தொழிலாளியின் இடத்தில் நிற்கிறான், கடிகார முகப்பைப் போன்ற இயந்திரத்தின் முள்களைப் பிடித்துத் திருப்புகிறான். பத்து மணி நேரம் முடியவே முடியாதா அப்பா என்று கதறுகிறான். அந்த முதலாளி வர்க்கத்தில் அதுவரை யாருக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்திருக்காது.

அப்புறம், அவசரம். உன் சுருக்கத்தில் இது இல்லவே இல்லை. 'இன் டைம்' படத்தில் பணக்காரர்கள் வாழும் நியூ கிரீனிச் மண்டலத்துக்கு வில் போனதும், பரிமாறும் பெண் அவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறாள். நல்ல உடையெல்லாம் போட்டிருந்தும், எல்லாவற்றையும் கொஞ்சம் வேகமாகச் செய்கிறான் என்பதை வைத்தே. அங்கே ஓடுகிறவர்கள் யாருமில்லை. மண்டல எல்லைகளைத் தாண்ட மாதக்கணக்கில் சுங்கம் கட்டிவிட்டு வந்தவனை அவன் சாப்பிடும் வேகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வர்க்கம் உடம்பில் இப்படித்தான் படிகிறது. உன் பாத்திரங்கள் எப்படி மெல்லுகிறார்கள், எப்படிப் படியேறுகிறார்கள் என்று எழுது. கையிலுள்ள எண்ணைச் சொல்லாமலேயே எனக்குப் புரிய வேண்டும்.

உன் காவலதிகாரியும் எனக்கு ஒட்டவில்லை. அவன் கெட்டவன் என்பதைத் தவிர வேறு எதுவும் நீ சொல்லவில்லை. அந்தப் படத்தின் நேரக்காவலர் ரேமண்ட் லியோனைப் பார். அவரும் ஏழை மண்டலத்திலிருந்து வந்தவர்தான், அன்றன்றைக்குச் சம்பளமாகக் கிடைக்கும் நேரப் படியில்தான் உயிர் வாழ்கிறார். கடைசியில் துரத்தும் வேகத்தில் அன்றைய படியை வாங்க மறந்து செத்துப்போகிறார். அவர் காத்த சொத்தில் ஒரு நாள் கூட அவருடையது இல்லை.

இன்னொன்றும் படி. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு 2016இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வின்படி, வருமானத்தில் மேல்தட்டு 1 சதவீத ஆண்களுக்கும் கீழ்த்தட்டு 1 சதவீத ஆண்களுக்கும் ஆயுள் எதிர்பார்ப்பில் 14.6 வருட வித்தியாசம், பெண்களுக்கு 10.1. எண்கள் கையில் ஒளிரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் உன் கதையிலும் இருக்கட்டும்.

சரி, என்ன செய்யலாம்? கட்டணம் ஏறிய கூட்டத்தை ஒரு அத்தியாயமாக எழுது. மேசையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள், இடையில் என்ன சாப்பிட்டார்கள், யாராவது ஒருவர் வேண்டாம் என்றாரா. அடுத்த நாள் காலைப் பேருந்தில் பத்துப் பேரை உட்கார வை, ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முடிவுசெய். டிக்கெட்டுக்குப் போதாமல் ஒருத்தி நிற்கும்போது அந்தப் பத்துப் பேரும் என்ன செய்கிறார்கள்? ஆளுக்கு ஆறு நிமிடம் கொடுத்தால் அவள் ஏறிவிடலாம். மறுநாள் எல்லாரும் சேர்ந்து கட்டணம் கட்ட மறுத்தால் என்ன ஆகும்? பெட்டகத்தை உடைப்பதைவிட இதை எழுதுவது கடினம். உன்னால் முடியும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்த இரண்டு அத்தியாயங்களையும் முதலில் எழுதி அனுப்பு. பெட்டகம் வேண்டுமா வேண்டாமா என்று அதற்கப்புறம் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அக்கா