ஞாயிறு கூட்டம்: ஆய்வுக் குழு வருகிறது

வணக்கம். நம் மனநல ஆதரவுக் குழுவோடு சேர்ந்து ஆய்வு செய்யலாமா என்று ஒரு கல்லூரிக் குழு கேட்டிருக்கிறது. ஞாயிறு மாலை 4 மணிக்கு, அண்ணா நகரில் வழக்கமான இடத்தில் பேசுவோம். அவர்களுக்கு முதல் அரை மணி நேரம்தான். அப்புறம் நம் பகிர்வு நேரம், வெளியாட்கள் கிடையாது.

கேள்வித்தாளை அவர்களே தயாரித்து நம்மை நிரப்பச் சொன்னால் அது கூட்டாய்வு ஆகாது. எதைக் கேட்பது, முடிவுகளை யார் படித்துச் சரிபார்ப்பது என்பதிலும் நாம் இருக்க வேண்டும். மாத்திரைக் கணக்கு மருத்துவரிடமே இருக்கிறது. ஆனால் இங்கே வந்து பேசிய பிறகு வேலைக்குப் போகும் தைரியம் எப்படி வந்தது என்பது நமக்குத்தான் தெரியும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி பேட்டிக்குக்கூட உங்கள் சம்மதம் தேவை. பாதியில் விலகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம். உங்கள் பஸ் செலவைக் கல்லூரிக் குழுவிடம் கேட்டு வாங்கப்போகிறேன் (டீயும்தான்!).

வர முடியாதவர்கள் கருத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்குள்ள மெசேஜ்களை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.