சாமியின் முதுகு

ஸ்ரீரங்கம்
21.2.2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்கு மனதுக்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். வலது கண்ணில் புரை எடுத்தார்கள் என்று போனிலேயே சொன்னேனே, அதற்கப்புறம் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாதே, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று நாள் ஓடிவிட்டது. பேனாவை எடுத்தாலே மருமகள் பிடுங்கி வைத்துவிடுவாள். இப்போது பார்வை நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவரில் இத்தனை எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த கதையை எழுதப் போவதில்லை.

உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாக்பூர் குளிர் விட்டதா? பேரன் தமிழில் உன்னை 'ஆச்சி' என்று கூப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இங்கே எல்லோரிடமும் காட்டினேன். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நாங்கள் நாலு பேர் தஞ்சாவூர் போய்வந்தோம். சரோஜா, ஹேமா, பாத்திமா, நான். அரண்மனைக் கலைக்கூடம் பார்க்க.

யோசனை ஹேமாவுடையது. "கண்ணுக்குச் செலவு பண்ணியாச்சு, உருப்படியாக எதையாவது பார்க்க வேண்டாமா?" என்றாள். திருச்சியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நான் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். வெளியில்தான் சாப்பிட வேண்டும் என்று சரோஜா ஒற்றைக்காலில் நின்றாள். அதன் பலன், மத்தியானம் ஒரு ஹோட்டலில் ஆறிப்போன சாம்பாரும் வேகாத அவரைக்காயும் நூற்றைம்பது ரூபாய்க்குச் சாப்பிட்டோம். அதோடு அந்தப் பேச்சை விடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாம் தஞ்சாவூருக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அதில் மிஞ்சியிருப்பது இரண்டுதான். பஸ்ஸில் நீ வாந்தி எடுத்தது ஒன்று, திமிங்கல எலும்புக்கூடு இன்னொன்று. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதைக் கொண்டுவந்து அரண்மனையில் வைத்திருந்தார்களே, அதுதான். மற்றபடி சிலைகள் இருந்தன என்பதுகூட நினைவில் இல்லை. வரிசையாகக் கைகோத்து நடத்திப் போனால் என்ன தெரியும்? சரபோஜி மன்னர் வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறாரே, அவரைப் பார்த்ததும்தான், அடடா இங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அப்போது அவர் எவ்வளவு உயரமாகத் தெரிந்தார் தெரியுமா?

கலைக்கூடம் 1951-இல் தொடங்கியதாம். அதற்கு முன் எத்தனை சிலைகள் வயலிலும் குளத்தங்கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்திருக்குமோ! கல்லில் செய்தவை ஒரு பக்கம், செப்புத் திருமேனிகள் ஒரு பக்கம். கல்லில் எனக்குப் பிடித்தது தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த சிவன். யானைத் தோல் அவரைச் சுற்றி வளைவாக விரிந்திருக்கிறது. ஒரு கால் யானைத் தலையில், இன்னொரு காலின் உள்ளங்கால் நமக்குத் தெரிகிறது. ஹேமா முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், சும்மா விடுவாளா? "இடுப்பு இந்தப் பக்கம், மார்பு அந்தப் பக்கம், உள்ளங்கால் நம்ம பக்கம், இது எப்படி முடியும்?" என்று தன் உடம்பையே முறுக்கிப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று நாங்கள்தான் தடுத்தோம். எனக்குச் சிவனைவிட ஓரத்தில் நிற்கும் பார்வதியைத்தான் பிடித்தது. குழந்தை முருகனை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இந்த ஆட்டத்தைப் பார்த்து மிரண்டு விலகுகிறாள். வீட்டில் புருஷன் கோபத்தில் குதிக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போகிற பெண்களை நாம் பார்த்ததில்லையா? இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பிக்கும் அது தெரிந்திருக்கிறது.

அப்புறம் செப்புத் திருமேனிகள். வாசலிலேயே சரோஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது கோயில் இல்லைடி, போட்டுக்கோ" என்றாள் ஹேமா. "சாமி இருக்குதுல்ல?" என்றாள் அவள். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கடைசிவரை வெறுங்காலோடுதான் நடந்தாள்.

நான் இத்தனை பக்கம் எழுதுவதே ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான். திருவெண்காட்டு ரிஷபவாகனர். மூன்றரை அடி உயரம் இருக்கும். சிவன்தான், ஆனால் கையில் மழுவும் மானும் இல்லை, நாலு கைகளும் இல்லை. இரண்டே கைகள். ஒரு காலை ஊன்றி, மற்றதை முன்னால் குறுக்காக வைத்து ஒயிலாக நிற்கிறார். தலையில் சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றி, பாம்புகளையும் அதில் முடிந்திருக்கிறார். ஒரு கையை மடக்கி, காளையின் மேல் வைத்திருக்கிற பாவனை. காளை இல்லை. எங்கே போனதோ போய்விட்டது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தாலே காளையின் உயரம் தெரிகிறது, முதுகு எவ்வளவு அகலம் என்பதுகூடத் தெரிகிறது. கனமே இல்லாமல் கை கிடக்கிறது. மிரளாத மாடு, பழகிய மாடு.

"நம்ம பால்காரர் மாட்டு மேல கையைப் போட்டுக்கிட்டு ஊர்க்கதை பேசுவாரே, அவரேதான்" என்றாள் பாத்திமா. எனக்கும் அதேதான் தோன்றியது, அவள் முந்திக்கொண்டாள். தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்கிற பையன்கள்கூட இப்படித்தான் நிற்கிறார்கள். ஆயிரம் வருஷமாக இந்த ஊர் ஆண்பிள்ளைகள் நிற்பதில் மாற்றமே இல்லை.

ஆயிரம் என்று சும்மா சொல்லவில்லை. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டில் இவர் கணக்கு இருக்கிறதாம். 1011-ஆம் வருஷம், முதலாம் ராஜராஜன் காலம். அடுத்த வருஷம் 1012-இல் அம்பாளைச் செய்து வைத்திருக்கிறார்கள். "முதல்ல மாப்பிள்ளை, அப்புறம் அவருக்கேத்த பொண்ணு" என்று ஹேமா சிரித்தாள். அப்புறம் எப்போதோ மண்ணுக்குள் போய், 1950-களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்திருக்கிறார்கள். எழும்பூர் மியூசியத்தில் அர்த்தநாரீசுவரர் இருக்கிறாரே, நீ சென்னையில் இருந்தபோது பார்த்ததாக எழுதியிருந்தாய், அவரும் அதே திருவெண்காட்டுக்காரர்தான்.

மண்ணுக்குள் கிடந்ததில் ஒரு நன்மையும் உண்டு, வசந்தா. நம் ஊர்க் கோயில்களில் உற்சவமூர்த்திக்கு நூற்றாண்டு நூற்றாண்டாகப் பால், சந்தனம், விபூதி என்று அபிஷேகம் செய்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூக்கும் உதடும் மழுங்கிப் போயிருக்கும். சில இடங்களில் கண்ணைத் திரும்பச் செதுக்கி வைத்திருப்பார்கள். இவருக்கு அதெல்லாம் நடக்கவில்லை. முகவாய், உதட்டோரம், இடுப்பு வேட்டியின் கோடுகள், எல்லாம் நேற்று முடித்த மாதிரி கருக்காக இருக்கின்றன. சரோஜாவுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தையல் கடை. அவள் துணியைத்தான் பார்த்தாள். "மடிப்பு விழற இடம் சரியா இருக்கு பாரு. உடுத்திப் பார்க்காதவன் இதைச் செஞ்சிருக்க முடியாது" என்றாள். பாத்திமாவின் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தாரில்லையா, அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ இருக்கும்?" என்பதுதான். சிரித்தேன். ஆனால் அது நல்ல கேள்வி. உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு இது. அப்படியே முழு உலோகம்.

ஹேமாவின் அம்மா ஊர் சுவாமிமலைப் பக்கம். சின்ன வயதில் பட்டறையில் பார்த்ததைச் சொன்னாள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்துவிடுவார்கள். அளவுக்கு ஸ்கேல் கிடையாது, தென்னை ஓலையைச் சாமியின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகப் பூசி, காய்ந்ததும் இன்னும் கெட்டியான மண் பூசி, கம்பி கட்டி, சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டியதுதான். "தேங்காய் உடைக்கிற மாதிரி பயமா இருக்கும், அழுகலா நல்லதான்னு உடைச்சாத்தானே தெரியும்" என்றாள். அச்சு உடைந்துபோவதால் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. இந்தக் கையை இன்னொரு தடவை வார்க்க முடியாது.

பீடத்தில் துளைகள் இருக்கும், கழி செருகிக் கட்டித் தூக்குவதற்கு. வீதியில் வருவதற்காகச் செய்தவர்கள் இவர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அவரை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கவாட்டில் போய்ச் சாய்ந்து நின்றேன். முதுகு தெரிந்தது.

எப்படிச் சொல்வேன்? அறுபது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன். மார்கழியில் விடியற்காலை போயிருக்கிறேன், பிரதோஷம், தேர், தெப்பம் எதையும் விட்டதில்லை. ஒரு நாளும் ஒரு சாமியின் முதுகைப் பார்த்ததில்லை. பட்டும் மாலையும் போர்த்தி, தீபாராதனை வெளிச்சத்தில் முகம் மட்டும் ஒரு நொடி தெரியும், அதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளுவார். இங்கே பிடரியில் சுருள் சுருளாக மயிர் விழுந்து கிடக்கிறது. நடு முதுகில் தண்டுவடம் ஓடுகிற பள்ளம். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் செய்திருக்கிறான் பார். பட்டர் மட்டும்தான் பார்த்திருப்பார், அவரும் எண்ணெய்க்காப்பு சாத்தும்போது.

மூன்று பேரையும் கூப்பிட்டேன். வரிசையாக நின்று எட்டிப் பார்த்தோம். வாயாடிகள் நாலு பேரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் பாத்திமா, "பின்னாடி நின்னு பார்த்தா யாரோ நமக்குத் தெரிஞ்ச பையன் மாதிரி இருக்கு" என்றாள். சரோஜாவுக்கு அது பிடிக்கவில்லை. சாமியை இப்படி உடையும் பூவும் இல்லாமல் நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஊர்க் கோயிலிலேயே இருந்திருக்கலாம் என்றாள். கோயிலில் இருந்திருந்தால் மூக்கு தேய்ந்திருக்கும், இல்லை களவு போயிருக்கும் என்றாள் ஹேமா. ரயில் ஏறும்வரை இதே சண்டைதான். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. சரோஜா சொல்வது நியாயம் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த முதுகைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கல்யாணசுந்தரரைச் சொல்ல மறந்தேனே. அவரும் திருவெண்காடுதான். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார், தங்கையைத் தாரை வார்க்க விஷ்ணு நிற்கிறார். பார்வதி தலையைக் குனிந்து, உடம்பையே ஒடுக்கிக்கொண்டு, அவர் தோள் உயரத்துக்கு நிற்கிறாள். பின்னால் லட்சுமி, போடி முன்னால் என்று மெல்லத் தள்ளுகிற மாதிரி. உன் கல்யாணத்தில் மணவறைக்கு வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நீ நின்றாயே, உன் முதுகில் கைவைத்துத் தள்ளியது நான்தான். உன் பெரியத்தை தள்ளியதாக இத்தனை நாள் நினைத்திருந்தாய். இப்போது சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பெரிய கோயில். செருப்புகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு பாத்திமா புல்தரையில் உட்கார்ந்துகொண்டாள், நாங்கள் உள்ளே போனோம். உற்சவமூர்த்திக்கு அன்று நல்ல அலங்காரம். பச்சைப் பட்டு, ரோஜா மாலை, முகம் மட்டும்தான் தெரிந்தது. கைகூப்பி நிற்கும்போதே சரோஜா என் காதில், "உள்ளே எப்படி நிக்கிறாரோ?" என்றாள். மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டவள்!

வெளியே வந்து பாத்திமாவிடம் சொன்னோம். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வேறு செய்தி என்ன? நம் பழைய வீட்டுத் தெருவில் வேப்பமரத்தை வெட்டவில்லை, கிளையை மட்டும் கழித்தார்கள், கவலைப்படாதே. இடது கண்ணுக்கு ஜூனில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நீ மே மாதம் வருவதாக எழுதியது நிஜம்தானா? டிக்கெட் எடுத்துவிட்டால் எழுது. மோர்மிளகாய் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மங்கை

பி.கு.: திமிங்கலத்தையும் பார்த்தோம். அது மட்டும் நான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாகவே இருக்கிறது.