செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் வீட்டுக்கே வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதும் நான்தான்.

மதுரையில் நமது ஓய்வுபெற்றோர் சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். செப்டம்பரில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. புத்தாண்டுக்கு நாட்காட்டி அச்சிட்டோம். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று அளிக்க ஒன்பது பேருக்கு உதவினோம். மறைந்த நான்கு உறுப்பினர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். செயற்குழு எட்டு முறை கூடியது, அதில் மூன்று முறை கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லை. அவ்வளவுதான்.

இனி ஓரியூர்ச் சுற்றுலா. ராமநாதபுரம் மாவட்டத்தில் புனித அருளானந்தர் தேவாலயம் இருக்கும் ஊர் அது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் பேருந்தில் ஏறவே இல்லை.

முதல் கேள்வி, எல்லா மதத்தாரும் உள்ள சங்கம் எதற்காக வேதக்கோயிலுக்குப் போக வேண்டும் என்பது. இதை என்னிடம் நேரில் கேட்டவர்கள் இரண்டு பேர், மற்றவர்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேரோ தெரியாது. பழநிக்குப் போனபோதும் பிள்ளையார்பட்டிக்குப் போனபோதும் நம் கிறிஸ்தவ உறுப்பினர்கள் மூன்று பேரும் பணம் கட்டி, முதல் ஆளாக வந்து ஏறினார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் திருநீறு பூசுகிறவன்தான். அந்த ஊரில் முந்நூறு வருடக் கதை ஒன்று கிடக்கிறது, அதை அங்கேயே வளர்ந்த ஒருவர் வாயால் கேட்கலாம் என்று நினைத்தேன். என் திட்டம் இவ்வளவுதான். ஓரியூர்க்காரரான வயதான உபதேசியார் (கோயிலில் வேதபாடம் சொல்லித்தருபவர்) ஒருவரை இரண்டு மாதமாகத் தொலைபேசியில் பிடித்து, கட்டணமில்லாமல் சுற்றிக்காட்டச் சம்மதிக்க வைத்தேன். அந்தத் தொலைபேசிச் செலவை நான் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

பெயர் கொடுத்தவர்கள் 44 பேர். முன்பணம் கட்டியவர்கள் 31 பேர். ஜனவரி 22, புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேருந்தில் ஏறியவர்கள் 26 பேர். மூட்டு வலி, பேத்திக்குக் காய்ச்சல், மறந்தே போச்சு என்று பல காரணங்கள் வந்தன. மூட்டு வலிக்காரரை மறுநாள் காலை பூங்காவில் வேக நடையில் பார்த்தேன். நல்லது, சீக்கிரம் குணமாகியிருக்கிறது.

முதலில் இடைக்காட்டூர் இருதய ஆண்டவர் கோயில். மானாமதுரை சாலையில் போய்த் திரும்பினால், வயலுக்கு நடுவே பிரெஞ்சு நாட்டுக் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கிறது. ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து, பெர்டினாண்டு செல் என்ற இயேசு சபைக் குருவானவர் 1894-இல் கட்டி முடித்தது. விதவிதமான அச்சில் வார்த்த செங்கல்லைப் பார்த்துவிட்டு, பொதுப்பணித் துறையில் இருந்த நம் உறுப்பினர் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரை வண்டியில் ஏற்றவே இருபது நிமிடம் ஆனது. அதனால் திருவாடானைக்குள் நுழையும்போது ஆதிரத்தினேசுவரர் கோயிலில் உச்சிகால பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். அந்தக் குறையும் என் தலையில்தான் விழுந்தது. திரும்பி வரும்போது, நடை திறந்ததும் தரிசனம் செய்துவைத்தேன். சம்பந்தர் பாடிய தலத்தில் பதிகமும் பாடினோம். இதை யாரும் தெருவில் சொல்வதாகத் தெரியவில்லை.

ஓரியூரில் இறங்கியதும் கூட்டம். புதன்கிழமை ஏன் போனீர்கள், வேறு நாள் இல்லையா என்று கேட்டவர்களுக்கு உபதேசியார் அங்கேயே பதில் சொன்னார். அருளானந்தர் வெட்டுப்பட்டது 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அதுவும் அந்த வருடம் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அதனால்தான் வாராவாரம் புதன்கிழமை சனம் வருகிறது. நான் நாளைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன்.

இங்கே ஒலிபெருக்கி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அதற்காகக் கையில் தூக்கிப் போகிற ஒலிபெருக்கி ஒன்றை 600 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன். உபதேசியார் அதை வாங்கி மைக்கை வாயோடு ஒட்டி வைத்தார். அது கீச்சென்று கத்தியது. பக்கத்தில் முடியிறக்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. மனுஷன் மைக்கைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் குரலிலேயே ஆரம்பித்தார். கடைசி வரிசையில் நின்றவர் வரைக்கும் கேட்டது. ஆக, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை என்பதைப் பொருளாளர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று போனில் எப்படித் தெரியும்?

அவர் சொன்னதை நான் முழுக்கச் சொல்ல முடியாது. நம்மில் பலருக்குக் கருமாத்தூர்க் கல்லூரியின் பெயராகத்தான் அருளானந்தரைத் தெரியும். அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ, லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர். அப்பா பிரேசிலில் போர்ச்சுகல் அரசரின் பிரதிநிதியாக இருந்தவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போக, பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை அங்கி உடுத்துவிக்கிறேன் என்று தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். அம்மா நேர்ந்தது ஒரு வருஷத்துக்கு, பிள்ளை உடுத்தினது ஆயுசுக்கு என்றார் உபதேசியார். அதைச் சொல்லும்போது தன் சட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

மதுரை மிஷன் நம் ஊரில் 1606-இல் தத்துவப் போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி தொடங்கியது. அந்த மிஷனுக்கு வந்தபின் பிரிட்டோ காவி கட்டி, பண்டாரச் சாமியாராக ஊர் ஊராக நடந்திருக்கிறார். இடையில் ஒரு முறை போர்ச்சுகலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே இருந்துவிடச் சொல்லி அரண்மனையே கேட்டும் கிளம்பி வந்துவிட்டார். மறவர் நாட்டில் தடியத் தேவர் என்ற பிரபு நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும்தான் வாழ வேண்டும் என்றார் பிரிட்டோ. தேவர் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் மருமகள் முறை. அவர் கிழவன் சேதுபதியிடம் போய் அழுதார். சேதுபதி பிரிட்டோவை நேரடியாகக் கொல்லத் தயங்கி, ஓரியூரில் இருந்த தன் தம்பி உடையத் தேவரிடம் அனுப்பிவிட்டார். சிறையில் மையும் பேனாவும் கிடைக்காமல் கரியைக் கரைத்து, துரும்பால் கடைசிக் கடிதம் எழுதியிருக்கிறார் அந்த மனிதர்.

இந்த இடத்தில், கூட்டுறவுத் துறையில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். “ஐயா, தள்ளி வைச்ச அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க?”

உபதேசியார் கொஞ்சம் நின்றார். “கூடப் பிறந்த பொறப்பு மாதிரி வச்சுக் காப்பாத்துறேன்னு தேவர் சொன்னதா சொல்லுவாங்கம்மா.”

“அவரு சொன்னாரு, சரி. அவங்களைக் கேட்டாங்களா?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வாங்க என்று மண் மேட்டுப் பக்கம் கூட்டிப் போனார். திரும்பும்போது பேருந்தில் திருவாடானை வரைக்கும் இதுதான் பேச்சு. கடலாயி பக்கம் ஒரு அணி, சாமியார் பக்கம் ஒரு அணி. நம் சங்கத்தில் உறுப்பினர்கள் இவ்வளவு நேரம் பணத்தைத் தவிர வேறு விஷயத்துக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சுற்றுலாவால் என்ன பலன் என்று கேட்டவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஓரியூர் மண் சிவப்பு. ரத்தம் சிந்திய இடத்து மண் என்று குனிந்து அள்ளி, நெற்றியில் வைத்து, பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். அள்ளுகிறவர்களில் சிலுவை போட்டவர்களும் இருந்தார்கள், குங்குமம் வைத்தவர்களும் இருந்தார்கள். இரும்புச் சத்துள்ள செம்மண், வேறொன்றும் இல்லை என்று நம் வேதியியல் ஆசிரியர் உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். 1947-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தது, அவர் பிறந்து சரியாக 300 வருடம் கழித்து. இந்தப் பக்கத்து ஆட்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை, அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அருளானந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றார் உபதேசியார்.

சாப்பாட்டுப் புகாருக்கும் பதில் சொல்கிறேன். 40 பேருக்கு எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் சொல்லியிருந்தோம். அங்கே நேர்ச்சைக்கு ஆடு வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், வயசானவங்க வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க என்று கையைப் பிடித்து இழுத்தது. ஏழு பேர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் மருத்துவர் சொல்லி ஆட்டுக்கறியை விட்டவர்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் வீட்டம்மாக்களும் இங்கே இருக்கிறார்கள். மிஞ்சிய பொட்டலங்களைத் திரும்பும் வழியில் சாலை வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தோம். எனவே சோறு வீணானது என்பது தவறான தகவல்.

பேருந்து பற்றி: குளிர்சாதனம் என்று சொல்லி எடுத்த வண்டியில் சிவகங்கை தாண்டியதும் அது நின்றுவிட்டது. உரிமையாளரிடம் பேசி வாடகையில் 1,000 ரூபாய் குறைத்தேன். இதையும் யாரும் பேசக் காணோம்.

கணக்குக்கு வருகிறேன். பொருளாளர் விரிவாக வாசிப்பார், தணிக்கையாளர் இன்னும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சுற்றுலாவில் 4,300 ரூபாய் துண்டு விழுந்தது, அது பல்வகைச் செலவில் சேர்ந்திருக்கிறது. பெயர் கொடுத்த 44 பேரும் வந்திருந்தால் துண்டு விழுந்திருக்காது, மிச்சமே வந்திருக்கும். முன்பணம் கட்டி வராத ஐந்து பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேர் ஆண்டுச் சந்தா பாக்கி. இரண்டையும் நேர் செய்துகொள்ளலாம் என்பது என் யோசனை, செயற்குழு முடிவு செய்யட்டும்.

சந்தா மாதம் 50 ரூபாய்தான். இன்றைக்கு இரண்டு பேர் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு. 112 உறுப்பினர்களில் முழுச் சந்தா கட்டியவர்கள் 61 பேர். பாதி கட்டியவர்கள் 22. ஒன்றும் கட்டாதவர்கள் 29. கட்டாதவர்கள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். ஒரு வீட்டில் ஐயா இல்லை என்று சொன்னார்கள். உள்ளேயிருந்து ஐயாவின் இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: வழிநடத்திய தலைவர் ஐயா அவர்கள், கணக்கைக் கறாராகப் பார்த்த பொருளாளர் அவர்கள், கூட்டத்துக்கு மாடியைக் கொடுத்த உறுப்பினர், நாற்காலி கொடுத்த பந்தல்காரர், கட்டணமே வாங்காத ஓரியூர் உபதேசியார். அவருக்குச் சங்கத்தின் சார்பில் போர்த்தியது ஒரு துண்டுதான். சால்வை வாங்கத் தீர்மானம் போட்ட கூட்டத்தில்தான் கோரம் இல்லை.

வரும் ஆண்டு ஏலாக்குறிச்சிக்குப் போகலாம் என்று ஒரு எண்ணம். வீரமாமுனிவர் இருந்து எழுதிய ஊர், தமிழ் படித்தவர்கள் பார்க்க வேண்டிய இடம். ஆனால் யார் ஏற்பாடு செய்வது என்பதை இப்போதே சொல்ல முடியாது. எனக்கும் 71 ஆகிறது. ஆறு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் யாராவது, அறுபத்தைந்துக்குள் இருந்தாலும் போதும், முன்வந்தால் நோட்டு, ரசீதுப் புத்தகம், முத்திரை எல்லாவற்றையும் நாளைக்கே ஒப்படைத்துவிடுவேன். முன்வராவிட்டால் பார்ப்போம். வற்புறுத்தினால் யோசிக்காமல் இருக்க முடியாது. அப்படி யோசிப்பதென்றால், பெயர் கொடுக்கும்போதே முழுப் பணம் என்ற விதியைப் போட்டுவிட்டுத்தான்.

கடைசியாக ஒரு தகவல். ஓரியூரில் எல்லோரும் மண் எடுத்தபோது, வராத 18 பேருக்கும் சேர்த்து நானே எடுத்து, தினசரித் தாளில் பொட்டலம் கட்டி, மேலே பேர் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் வந்து வாங்கினார்கள். மீதி 14 பொட்டலம் என் வீட்டு முன்னறை மேசைமேல் இருக்கிறது. மண்ணுக்குக் காசு இல்லை. காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ரசீதுப் புத்தகமும் அதே மேசைமேல்தான் இருக்கிறது.

இவண்,
செயலாளர்