அப்பா அம்மாவுக்கு ஜீப் வாங்கப் போகிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் வயதான அப்பா அம்மாவுக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கிக் கொடுப்பது இப்போது கூடியிருக்கிறது. நல்ல விஷயம்தான், டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகவும் கோயிலுக்குப் போகவும் ஒவ்வொரு தடவையும் திரீவீலுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிற பிள்ளை போனில் வந்த படத்தைப் பார்த்து, வண்டியின் கம்பீரத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறது. அதில் ஏறி இறங்கப் போகிற ஆளின் முழங்காலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மழைக்காலத்தில் எங்கள் கடை வாசலில் பெரிய டீசல் ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையால் கதவின் மேல்பிடியைப் பிடித்து, மறு கையை மருமகன் தோளில் வைத்து, ஈரமான படியில் கால் வைக்கவே பயந்து, சேலைக் கரை கதவில் மாட்டி, ஒருவழியாக இறங்கினார். திரும்ப ஏறும்போது பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, நல்ல கண்டிஷன். அந்த அம்மாவுக்கு ஏற்ற வண்டி இல்லை, அவ்வளவுதான்.

முழங்கால் தேய்ந்தவருக்குச் சின்னக் காரும் சரிவராது, குனிந்து உள்ளே விழ வேண்டும், எழும்ப இரண்டு பேர் வேண்டும். பெரிய ஜீப்பும் சரிவராது. கதவைத் திறந்து முதுகைக் காட்டி நின்றால் சீட்டின் விளிம்பு தொடையின் மேல்பக்கத்தில் வந்து தொட வேண்டும், அப்படியே உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க முடிய வேண்டும், அந்த உயரம்தான் சரி. கதவு அகலமாகத் திறக்கிறதா, வாசல்படி அகலமாக இருந்து காலைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். இதை ஆன்லைனில் பார்க்க முடியாது. முற்பணம் கொடுக்க முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், வழக்கமாக உடுத்துகிற சேலையோடும் செருப்போடும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

எந்த வண்டி என்று கேட்பீர்கள். நான் விற்பனைக்காரன் இல்லை, பாகம் விற்கிறவன், அதனால் என் கணக்கு வேறு. 2006க்குப் பிறகு வந்த சுசுகி கிராண்ட் விட்டாரா 2.0 பெற்றோல் வண்டியும், டொயோட்டா ரஷ், அதன் கூடப்பிறந்த டைஹட்சு டெரியோஸும் நம்ம பாதைகளுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வயிறு தரையில் தட்டாத உயரம் இருக்கிறது, சாதாரண நான்கு கியர் ஓட்டோமெட்டிக் வரும், எந்த மெக்கானிக் பாஸுக்கும் தெரிந்த வேலை, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஒரு போன் போட்டால் பாகம் அடுத்த நாள் பஸ்ஸில் வந்துவிடும். கிராண்ட் விட்டாரா பெற்றோல் குடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ரஷ் கொஞ்சம் சிக்கனம், ஆனால் 1.5 லீற்றர் எஞ்சின். காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத எஞ்சின், ஊரின் உயரம் கூடக்கூட பலம் இழக்கும், ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய பத்து வீதம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே போய்ச் சேரும்போது எஞ்சினில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலம் இல்லை, நாலு பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றினால் முனகத்தான் செய்யும்.

பெற்றோல் எஞ்சினோடு பற்றரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பற்றி ஒரு வார்த்தை. ஹொண்டா வெசல் பார்க்க அழகு, பெற்றோலும் குறைவு, நம்ம பிள்ளைகளுக்கு அதில் ஒரு ஆசை. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பொக்ஸ், 2014இல் ஜப்பானிலேயே அந்த கியர்பொக்ஸின் மென்பொருளைத் திருத்துவதற்காக வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். திருத்தம் செய்த வண்டி சமவெளியில் நன்றாகவே ஓடும். ஆனால் அதில் இருக்கிற, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்பது ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடாகிற சாமான், பெரஹரா நாளில் கண்டிக்கு ஏறுகிற வாகன வரிசையை நினைத்துப் பாருங்கள். அதோடு பத்து வயது கடந்த பற்றரியின் செலவை ஓய்வூதியத்தில் இருக்கும் அப்பாவின் தலையில் கட்டுவதா? தனித்தனி கியர் இல்லாத சிவிடி என்கிற ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் வண்டி என்றால் அதன் எண்ணெய் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள், பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார், அதில் திருப்திப்பட்டுவிடாதீர்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஏற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா பார்த்து, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் எடுங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டக்கூடாது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் போட்டால் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகவில்லை, பிரேக் ஒன்றையே நம்பி இறங்கினால் டிஸ்க் சூடாகி, பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும். அந்த எண்ணெய் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். விலை பெரிதில்லை, ஆனாலும் எங்கள் கடையில் அதைத் தானாகக் கேட்டு வாங்குகிறவர் அபூர்வம்.

இன்னும் ஒன்று. "நுவரெலியாவில் எதற்கு ஏசி, அது வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை" என்று விலை குறைத்து வாங்குகிறார்கள். மூடுபனியில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிவதைத் துடைப்பதே அந்த ஏசிதான், கண்பார்வை குறைந்த அப்பா ஓட்டப் போகிறார் என்றால் அது கட்டாயம் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. தரையைப் பிடிக்கிற பூ வெட்டு நன்றாக இருந்தாலும் வயது போன டயர் மழையில் வழுக்கும்.

விலை பற்றிப் பேசிப் பயனில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள், வரியும் சேர்ந்து புது வண்டி எட்டாத உயரத்தில் நிற்கிறது, அதனால் பழையதும் இறங்க மாட்டேன் என்கிறது. அப்படியிருக்க, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைச் சுற்றுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். மீட்டரில் அறுபதாயிரம் கிலோமீற்றர், பிரேக் பெடலின் ரப்பர் வழவழ என்று தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் தோல் பளபளக்கிறது என்றால் எதை நம்புவது? வண்டியின் பதிவுச் சான்றிதழான சி.ஆர். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள். பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை மட்டும் கொடுத்து, ஓப்பன் பேப்பரில் விற்கிற வண்டி பக்கமே போக வேண்டாம், நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொலிசுக்கும் காப்புறுதிக்கும் பதில் சொல்லி அலையப் போவது ஊரில் இருக்கும் பெரியவர்கள்தான்.

ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகையில் வரும் வாகன விளம்பரங்களில் "நல்ல கண்டிஷன், பார்த்தால் வாங்குவீர்கள்" என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. உற்பத்தி ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர், லீசிங் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் போடாத விளம்பரத்தை ஏற்க மாட்டோம் என்று நீங்கள் சொன்னால் என்ன? விளம்பரம் கொடுப்பவர் கூடுதலாக ஒரு வரிக்குக் காசு கட்டுவார், அவ்வளவுதானே.

இப்படிக்கு,
உதிரிப்பாகக் கடை ஊழியர்,
ஹட்டன்.