உட்காரச் சொல்லாதவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இரண்டரை வருடமாக இடுப்பு நரம்பு வலி. இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்தது. இடுப்பு வலி என்றதும் ஆளாளுக்குத் தைலம் சொல்கிறார்கள், எனக்கோ இடுப்பைவிடக் காலில்தான் வேதனை. பிட்டத்தில் ஆரம்பித்து, தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று இழுக்கும், அப்புறம் பாதம் மரத்துப்போய்க் கிடக்கும். பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து மிதித்த நாட்கள் உண்டு.

இதில் கொடுமையே உட்காருவதுதான். நடந்தால் பரவாயில்லை, நின்றாலும் ஓரளவு தாங்கும், ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போச்சு. நம்ம ஊரிலோ வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் சொல்வதே "உட்காருங்க"தான், நின்றுகொண்டே இருந்தால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். அதனால் இந்த மடல் என்னை நிற்க விட்டவர்களுக்கு.

கான்ட்ராக்டர் அண்ணா, தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் இருந்த என்னை வேண்டாம் என்று அனுப்பாமல், தைத்து வந்த பீஸை நின்றபடியே சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றினீர்கள். வருமானம் குறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை கையில் சம்பளம் வந்தது. குனிந்து பீஸ் பார்த்து நான் நெளிவதைக் கவனித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் டேபிள் கால்களுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்திய செக்கிங் அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில், உடனே ஆபரேஷன் பண்ணாவிட்டால் காலே போய்விடும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அரசு மருத்துவமனை டாக்டர் அம்மாதான் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்து, "பலம் நல்லா இருக்கு, அவசரம் இல்லை" என்றார். சிறுநீர் அடைத்தாலோ, என்னை அறியாமலே கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்று ராத்திரியே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்னதிலேயே பாதி தூக்கம் திரும்பி வந்தது. மீதி தூக்கம் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையால். காலையில் தலை கிறுகிறுக்கும், ஊசி ஓடுகிற மெஷின் பக்கம் போகவே பயம், ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாதாம்.

பிசியோதெரபி படிக்கிற தங்கச்சி ஒன்று, இடுப்பு வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கிற ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தது. பத்து கேள்வி, அதில் ஒன்றை வெட்கப்பட்டுத் தாண்டிவிட்டது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எப்படித் தூங்குகிறீர்கள் என்று வரிசையாக வந்து, வெளியே போய் நாலு பேரோடு பழக வலி தடையாக இருக்கிறதா என்ற இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வருடமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது. அப்புறம் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சி, தினமும் நடை, படுத்தே கிடக்காதீங்கண்ணா என்று அதட்டல்.

வீட்டு ஓனர் அம்மா, லைன் வீட்டில் எனக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டு வாடகையை ஏற்றாமல் இருந்தீர்களே, அந்த உதவியின் அளவு குத்துக்கால் போட முடியாதவனுக்குத்தான் தெரியும். மனைவிக்கு என்ன எழுத? ராத்திரி மூன்று மணிக்கு வாசலில் நடந்துகொண்டிருப்பேன், விளக்கைப் போடாமல் அவளும் வந்து நிற்பாள்.

போன வைகாசியில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் எல்லாரும் உட்கார, மச்சான் மட்டும் சமையலறைத் திண்டின் மேல் ஒரு இலையைப் போட்டு, "மாப்ள, இங்க நின்னு சாப்பிடு" என்று ரசம் வரைக்கும் பக்கத்திலேயே நின்று பரிமாறினான்.

இப்போது நாற்பது நிமிடம் உட்காருகிறேன். வலி போய்விடவில்லை. செக்கிங் அக்கா, அடுத்த மாதம் உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருவேன், எனக்கு மட்டும் இலையைக் கொஞ்சம் உயரமாகப் போடச் சொல்லிவிடுங்கள்.