வாய் திறக்காத பிள்ளையள்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிறன். அப்பாவின்ர கால் வீக்கம் வத்தியிட்டுது. நீ விட்டிட்டுப் போன குடையைச் சின்னம்மாவிட்டைக் குடுத்து விடுறன். மூண்டு கிழமையா "பிறகு கதைக்கிறன்" எண்டுதான் சொல்லுறாய். நான் ஒண்டும் கேக்கேல்லை. வெருகலில நீ ஆங்கிலம் படிப்பிக்கிற வகுப்பைப் பற்றித்தான் எழுதிறன்.

தரம் 3 பிள்ளையள் வாய் திறக்கினமில்லை எண்டு பயப்பிடாதை. விளங்கிறது முதல், கதைக்கிறது பிறகு. முதல்ல உடம்பால பதில் சொல்ல விடு. எழும்பு, இரு, நட, நில், கதவைத் தொடு. ஒரு பாடத்துக்கு ஐஞ்சு ஆறு ஆங்கிலக் கட்டளை காணும். நீ சொல்லிச் செய்து காட்டு. பிறகு அவையளோட சேர்ந்து செய். அதுக்குப் பிறகு நீ கையைக் கட்டிக்கொண்டு நிண்டு கட்டளையை மட்டும் சொல்லு. ஜேம்ஸ் ஆஷர் எண்ட அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960களில எழுதி வைச்ச முறை இது. எல்லாரும் பிழைவிடுறது ஒரு இடத்திலதான்: ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில சொன்னால் பிள்ளை சொல்லைக் கேளாது, ஒழுங்கைப் பாடமாக்கிப்போடும். மாத்தி மாத்திச் சொல்லு. பக்கத்துப் பிள்ளையைப் பாத்துச் செய்தால், எல்லாரையும் கண்ணை மூடவைச்சுச் செய்விச்சுப் பார்.

கொப்பியில ஆங்கிலச் சொல்லுக்கு மேல தமிழில உச்சரிப்பு எழுத விடாதை. எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு "ப". பன்றிக்கும் "பிக்", பெரிசுக்கும் "பிக்" எண்டு எழுதினால் அந்தக் குழப்பம் பெரிய வகுப்பு வரைக்கும் போகும். விரலகலக் கடதாசித் துண்டை வாய்க்கு முன்னால பிடிக்கச் சொல்லு. பன்றியைச் சொல்லேக்கை துண்டு ஆடும், பெரிசுக்கு ஆடாது. பிள்ளையளுக்கு அது விளையாட்டு. "இஸ்கூல்" எண்டு சொல்லுறவையைப் பாம்பு மாதிரி "ஸ்ஸ்ஸ்" எண்டு இழுத்துத் தொடங்க வை. சின்ன "b"யையும் சின்ன "d"யையும் ஒரே கிழமையில எழுதப் பழக்காதை, பிள்ளையள் ஒண்டை மற்றது மாதிரித் திருப்பி எழுதிப்போடுவினம்.

கூட்டமாச் சொல்லேக்கை வாயை மட்டும் அசைக்கிற பிள்ளை தெரியாது. வரிசை வரிசையாச் சொல்லவிடு, பிறகு சோடியா, கடைசியாத்தான் தனிய. இண்டைக்குப் படிச்ச சொல்லை நாளைக்குக் கேள், மூண்டாம் நாள் கேள், அடுத்த கிழமையும் கேள்.

வெருகல் பிள்ளையளுக்கு நண்டும் வலையும் தோணியும் வயலும் கண்ணுக்கு முன்னால கிடக்கு. அதில தொடங்கு. இஞ்சை திருகோணமலைக் கோட்டையில நிக்கிற மானுகளின்ர படம் ஆறு அனுப்புறன். ஆனால் ஒண்டு, பல எண்டு படிப்பிக்கேக்கை முதல் நண்டு, பிறகுதான் மான். ஆங்கிலத்தில மான் பலதானாலும் சொல் மாறாது. மானை முதல் காட்டினால் குழம்பிப்போகும்.

கொப்பியில தமிழில எழுத விடாதை. சொல்லியிட்டன் என்ன?

பிள்ளை பிழையாச் சொன்னால் வெட்டாதை. "ஹீ கோ ஸ்கூல்" எண்டால், "யெஸ், ஹீ கோஸ் டு ஸ்கூல்" எண்டு சிரிச்சுச் சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போ. காதில விழுந்தது தங்கும். எல்லாப் பிழையையும் பிடிச்சால் பிள்ளைக்குப் பிழை இல்லாமல் இருக்க ஒரு வழிதான் மிஞ்சும், கதையாமல் விடுறது.

மகள், இவ்வளவும் தெரிஞ்ச நான் உனக்கு மட்டும் இதைச் செய்யேல்லை. வீட்டுக்கு வந்தவைக்கு முன்னால உன்ர ஒவ்வொரு வசனத்தையும் வெட்டித் திருத்தினனான். நல்லா வரவேணுமெண்டு செய்யிறன் எண்டு நினைச்சன். ஒரு நாளோட நீ என்னோட ஆங்கிலம் கதைக்கிறதை விட்டாய். எனக்கு விளங்கினது, கேக்கத்தான் துணிவு வரேல்லை. அதுக்குப் பிறகும் அந்தப் பாடத்தையே படிப்பிக்கப் போனியே, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டன், உனக்குத்தான் சொல்லேல்லை.

வகுப்பில என்ன நடந்ததெண்டாலும் சொல்லு. இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டாய் எண்டாலும் சொல்லு. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பிறகு போனுக்குப் பக்கத்திலதான் இருப்பன்.

படங்களைக் குடைக்குள்ள சுத்தி வைச்சிருக்கிறன், விரிக்க முதல் எடு.

அம்மா